சுண்டுவிரலின் மனு

பாசிர் பாஞ்சாங் முனையம், மூன்றாம் மாடி,
இரவு ஷிஃப்ட்.
கண்ணாடிக்கு வெளியே பாரந்தூக்கிகள்
பெட்டிகளை மாற்றி மாற்றி அடுக்குகின்றன.
உள்ளே நான்
பட்டியலில் விழுந்த பிழைகளை
வெட்டுகிறேன், ஒட்டுகிறேன்,
செய்ததைச் செய்யாததாக்குகிறேன்.
ஒவ்வொன்றுக்கும் இடது சுண்டுவிரல்
மூலைவரை ஓடிப்போய்
கண்ட்ரோலை மிதித்துவிட்டு வர வேண்டும்.

பாலிகிளினிக்கில் அந்தப் பெண்
விரலை மடக்கி நீட்டிப் பார்த்து
"பியானோ வாசிப்பீர்களா?" என்றாள்.
சிரித்ததில் வலி முழங்கைவரை போயிற்று.

அன்றிரவுதான் விசைப்பலகையை
ஒரு வரைபடம்போல உற்றுப் பார்த்தேன்.
விரல் சாய்ந்தாலே எட்டும் இடத்தில்
அகலமாக உட்கார்ந்திருக்கிறது கேப்ஸ் லாக்.
நான் யாரிடமும் கத்துவதில்லை.
ஆறு வருடத்தில் அதை
வேண்டுமென்றே தொட்டதாக நினைவில்லை.
உணவங்காடியில்
டிஷ்யூ பாக்கெட் வைத்துப் பிடித்துப்போட்ட மேசை:
ஆளும் இல்லை, இடமும் இல்லை.

கண்ட்ரோலோ ஆய்தத்தின் சாதி.
தனியே அழுத்தினால் திரை கண்ணிமைக்காது.
பக்கத்தில் ஓர் எழுத்து வந்து நின்றால்
ஒரு மணி நேரத்து உழைப்பு
வந்த வழியே திரும்பிப் போகும்.
இதைப் போய்
யார் கடைசி வரிசையின் ஓரத்தில் உட்காரவைத்தது?

மாற்றினேன்.
அமைப்புகளுக்குள் இறங்கி இரண்டே வரி.
சுண்டுவிரல் அன்றிலிருந்து
வீட்டுப்படி இறங்காமலே
வேலைக்குப் போய் வந்தது.

நான்காம் நாள் திரையோரம் ஒரு மஞ்சள் சீட்டு.
இதே மேசை, இதே நாற்காலி, பகல் ஷிஃப்ட்:
கோ சியூ லெங். நான் பார்த்ததில்லை.
"கேப்ஸ் லாக் செத்துவிட்டது. யாராவது பாருங்கள்."
ஐந்தாம் நாள் ரஸ்லான்
புது விசைப்பலகை மாட்டிவிட்டுப் போயிருந்தார்.
ஆறாம் நாள் இன்னொரு சீட்டு:
"இதுவும்."

அப்போதுதான் அவள் வேலையை யோசித்தேன்.
கொள்கலன் எண்கள்.
நான்கு பெரிய எழுத்து, ஏழு இலக்கம்.
மறுபடி நான்கு, மறுபடி ஏழு.
நான் காலி என்று நினைத்த மேசையில்
பகலெல்லாம் ஒருத்தி சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.
ஆறு நாளாக
ஷிஃப்டை அழுத்திப் பிடித்தபடியே அடித்திருப்பாள்.
எந்த விரலால் என்று
கேட்காமலே தெரிந்தது எனக்கு.

பழையபடி ஆக்கிவிடலாம்தான்.
கை அதுவரை போகும், விரல் விடாது.

இரண்டு மணிக்கு வரவேண்டிய கப்பல் தாமதம்.
கையேட்டைக் கிளறிக்கொண்டிருந்தேன்.
ஒரு விசைக்கு இரண்டு குணம் வைக்கலாமாம்:
தொட்டுவிட்டால் கேப்ஸ் லாக்,
பிடித்துக்கொண்டால் கண்ட்ரோல்.
தொடுதல் எங்கே முடிகிறது, பிடித்தல் எங்கே தொடங்குகிறது
என்று மட்டும் நாம் சொல்ல வேண்டும்.
முந்நூறு மில்லிவினாடி வைத்தேன்.
நான் அவசரக்காரி; நகலெடுக்கப் போய்க் கத்தினேன்.
நூறு வைத்தேன்.
அவள் நிதானக்காரியாக இருந்துவிட்டால்?
முகம் தெரியாத ஒருத்தியின் விரல்
ஒரு விசையில் எவ்வளவு நேரம் தங்கும் என்று
விடியும்வரை கணக்குப் போட்டு
இருநூறில் நிறுத்தினேன்.

சீட்டின் பின்பக்கம் எழுதினேன்:
"சாகவில்லை. லேசாகத் தொடுங்கள்.
தவறு என்னுடையது, என் விரல் சரியில்லை."

மறுநாள் பதில் இல்லை.
அதற்கடுத்த நாளும் இல்லை.
மூன்றாம் நாள் விசைப்பலகைக்கு அடியில்
வலிக்கு ஒட்டும் பட்டை,
பாதி வெட்டி எடுத்தது போக மீதிப் பாதி.
எனக்கு வைத்ததா, மறந்து வைத்ததா,
தெரியவில்லை.
ஒட்டிக்கொண்டேன்.

காலை ஏழுக்கு லிஃப்ட் திறக்கிறது.
இறங்க வேண்டிய பகலும்
ஏற வேண்டிய இரவும்
கதவில் ஒரு கணம் நெருக்குகிறோம்.
யார் கையிலாவது மற்றப் பாதி இருக்கிறதா
என்று பார்க்கிறேன்.
எல்லாக் கையிலும் கைப்பேசி.
அதன் அடியில்
முட்டுக்கொடுத்து நிற்கின்றன
எல்லாச் சுண்டுவிரல்களும்.