இரட்டையில் இளையவள்

அயோத்தியாப்பட்டணம் தாண்டி நர்சிங் காலேஜ் ஹாஸ்டல்.
சன்னலை மறைத்துக்கொண்டு சேர்வராயன் மலை.
என் அறைக்காரி நக்காட்டோ, உகாண்டா.
இரட்டையில் இளையவள் என்று அர்த்தமாம் அந்தப் பெயருக்கு.

வந்த புதிதில் வாழைக்காயைத் தூக்கிக் காட்டி
வறுக்காதே, அவித்துக் கொடு என்று
மெஸ் பூங்காவனத்தம்மாவிடம் கையாலேயே கேட்டாள்.
"உடம்பு சரியில்லையா கண்ணு?"
அவித்துத்தான் கொடுத்தது அந்த அம்மா.
மஞ்சள் போடாமலிருக்க அதனால் முடியவில்லை.

இப்போது தட்டுவடை செட்டுக்குக் காரம் பத்தாது என்கிறாள்.

நேற்று வீடியோவில் மூத்தவள்.
அதே நெற்றி, அதே பல்லிடுக்கு.
சாப்பிட்டாயா என்று கேட்டிருப்பாள்.
இவள் தலையை ஆட்டினாள்,
சேலத்து ஆட்டல்.

அங்கே முகம் அப்படியே நின்றுவிட்டது.
நெட் போய்விட்டது என்று நினைத்தேன்.
இல்லை, கண் சிமிட்டியது.
ஆமாவா, இல்லையா என்று
இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள்.