அவர் கேட்காத கேள்வி

கர்த்தாவே,
பிள்ளை தூங்கிவிட்டான்.
அடுப்பில் காட்டெருமை வறட்டி
கடைசிக் கங்காய்க் கிடக்கிறது.
ஒன்று சொல்ல வேண்டும் உம்மிடம்.
போதகரிடம் சொல்ல மாட்டேன்.

இந்த நெப்ராஸ்காவில்
புல்லைப் படைத்தீர், காற்றைப் படைத்தீர்,
களைத்துப்போய் மரத்தை மறந்துவிட்டீர்.
சைலஸைப் புதைக்கப் பலகை இல்லை;
வண்டியின் பக்கச் சட்டத்தைக் கழற்றினோம்.
அதன் பிறகு இரண்டு வருஷம்
மூன்று மைல் நடந்து ஆற்றில் மொண்டேன்.
தண்ணீர் கேட்டு முழங்காலில் நின்றேன்.
தண்ணீர் மட்டும்தான் கேட்டேன்.

நீர் ஈனஸ் ஹேவர்லியை அனுப்பினீர்.
ஒரு கோவேறு கழுதை, இரண்டு மண்வெட்டி,
வெடிமருந்து தின்றுவிட்ட இடது காது.
முப்பது அடி, வெறும் மணல்.
நாற்பது அடி, ஈரம் மாதிரி ஒரு பொய்.
அவன் கீழே, நான் மேலே, நடுவில் கயிறு.
பகலெல்லாம் வாளி வாளியாய் இருட்டை இறைத்துக் கொட்டினேன்.
சாயங்காலம் அவனை இழுத்தேன்.
ஒரு ஆணின் முழு எடையையும்
என் உள்ளங்கைகள் அறிந்தது அப்படித்தான்.
அதற்கு மேல் எதையும் அறியவில்லை, நீரே சாட்சி.

ஐம்பத்திரண்டாம் அடியில் கயிறு இருமுறை அசைந்தது.
மேலே வந்தவனின் பூட்ஸிலிருந்து சொட்டியது
தண்ணீர்.
கூலிக்கென்று சைலஸின் கடிகாரத்தை எடுத்து வைத்திருந்தேன்.
அவன் தொப்பியைக் கழற்றி
தொப்பியிடம் பேசுகிறவன் போலக் கேட்டான்,
இங்கேயே இருந்துவிடட்டுமா என்று.

கல்யாணத்துக்குப் போதகர் வேண்டும்.
சகோதரர் லெமுவேல் ஸ்ட்ரவுட்
ஆறு வாரத்துக்கு ஒருமுறை வருவார்,
குதிரைக்கு மனமிருந்தால்.
அவர் வந்த நாளில் ஆறும் வந்தது.
நான் கேட்டுக் கேட்டுக் கிடைக்காத தண்ணீரெல்லாம்
ஒரே காலையில்.
யார் வீட்டுக் கோழிக்கூண்டோ, வயிறு ஊதிய கன்றோ,
வேரோடு ஒரு மரம் வேறு!
இப்போதுதான் ஞாபகம் வந்ததா உமக்கு?

அக்கரையில் குதிரைமேல் போதகர்.
இக்கரையில் நாங்கள் மூவரும் கழுதையும்.
கறுப்பல்லாத ஒரே உடையை உடுத்தியிருந்தேன்.
இன்னும் ஆறு வாரம் என்றால் பனி விழுந்துவிடும்.
அவர் இரு கைகளையும் வாயில் குவித்து
கத்தத் தொடங்கினார்.

காற்று பாதியைத் தின்றது.
மீதியை நான் பிடித்து
ஈனஸின் வலது காதில் சொன்னேன்:
"இவளை நேசிப்பாயா என்கிறார்."
சம்மதம்.
"நோயிலும் பஞ்சத்திலும் என்கிறார்."
சம்மதம்.
பிறகு போதகரின் வாய் திறந்து திறந்து மூடியது,
ஒரு எழுத்தும் கரை சேரவில்லை.
ஈனஸ் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

கர்த்தாவே, அங்கேதான்.
அங்கேதான் நானே ஒன்று கேட்டேன், போதகர் பெயரில்:
"சைலஸின் கல்லறை இந்த நிலத்திலேயே இருக்கும்.
நான் சில நாள் அங்கே போய் உட்காருவேன்.
பொறுப்பாயா என்கிறார்."
சம்மதம் என்றான்.
அக்கரையில் கை உயர்ந்தது. ஆமென் மட்டும்
தெளிவாக வந்தது.

நேற்று ராத்திரி மனம் தாங்காமல் கேட்டேன்,
கடைசியாக எதற்குச் சம்மதம் சொன்னாய் என்று.
சிரித்தான்.
"அந்தக் காற்றில் எனக்கு என்ன கேட்டது?
உன் உதடு அசைந்தது, நின்றது.
நின்றபோதெல்லாம் சொன்னேன்."

இன்று பால் கறந்துவிட்டுத் திரும்புகையில்
மேட்டில் மண்வெட்டிச் சத்தம்.
வெள்ளம் ஒதுக்கிப்போன மரத்தைப் பிளந்து
சைலஸைச் சுற்றி எட்டுக் கம்பம் நட்டிருக்கிறான்.
ஒன்பதாவதற்குக் குழி.
"நரி தோண்டுகிறது" என்றான்,
வேறொன்றும் சொல்லவில்லை.

சான்றிதழோடு போதகர் வருவார் பனிக்கு முன்.
எல்லாம் முறைப்படி நடந்ததா என்று கேட்டால்
கிணற்றுத் தண்ணீர் ஒரு குவளை கொடுப்பேன்.
கொஞ்சம் சுண்ணாம்பு வாடை அடிக்கும்.
குடித்து முடிக்கட்டும் முதலில்.