ஏழு நிமிடம்

வெளியே நாற்பத்தொன்பது டிகிரி.
மூன்று நாளாய் மண்காற்று,
ஃபஹாஹீலில் நிற்கும் எந்தக் காரின் மேலும்
விரலால் பெயர் எழுதலாம்.
உள்ளே, மருந்து அலமாரிக்கு நேர் மேலே ஏசி.
யாரோ பதினாறில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மானிட்டால் குளிர் தாங்காது.
தெளிந்த தண்ணீராய் இருக்கும்.
திரும்பிப் பார்ப்பதற்குள்
புட்டியின் தோளில் ஊசி ஊசியாய் உறைந்திருக்கும்.
பாலைவனத்தில் பனி பார்த்ததுண்டா என்று
யாராவது என்னைக் கேட்க வேண்டும்.
பார்த்திருக்கிறேன்.
இருபது சதவீதம், ஐந்நூறு மில்லி.

ஓபுலேசு, கடப்பாக்காரர்,
சாரத்திலிருந்து விழுந்தவர்.
ஸ்கேன் வந்துவிட்டது.
இடது கண்மணி விரிந்துகொண்டிருந்தது,
தாளில் ஊறும் மைச்சொட்டாய்.
"ஏற்றுங்கள் சிஸ்டர்" என்றார் டாக்டர் வஜீஹ்.
கத்தவில்லை.
கத்தியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

மரிட்டெஸ் வெந்நீரில் புட்டியை உருட்டினாள்.
நான் இழுப்பறையைத் திறந்தேன்:
சாதாக் குழாய், சாதாக் குழாய்,
ரத்தம் ஏற்றும் குழாய், காலாவதியான கையுறை.
வடிகட்டி வைத்த குழாய் ஒன்றுகூட இல்லை.
ஸ்டோருக்குப் போன் செய்தால்
நாளைக்கு, இன்ஷா அல்லா.

லிஃப்ட் ஏழாவது மாடியில் நின்றது.
படியில் ஓடினேன், ஒரு செருப்பு கழன்றது,
அதை அங்கேயே விட்டேன்.
இரண்டாம் தளத்து ஐசியூவில்
யாரையும் கேட்காமல் எடுத்தேன்
(பிறகு கையெழுத்துப் போட்டேன், அது வேறு கதை).

திரும்பியபோது ஊசிகள் கரைந்திருந்தன.
விளக்குக்கு நேரே பிடித்தோம்.
"ஒண்ணுமில்ல" என்றாள் மரிட்டெஸ்,
நான் கற்றுக்கொடுத்த ஒரே தமிழில்.
கண்ணுக்கு ஒண்ணுமில்ல.
கண் எதுவரை சாட்சி?

ஒரு தினார் காசை விடச் சிறிய வட்டு.
உள்ளே ஒரு வெள்ளைத் தோல்.
அதன் வாசல் ஐந்து மைக்ரான்:
ஒரு முடியைப் பத்தாய் வகுந்தாலும்
ஒரு கீற்று நுழையாது.
அம்புக்குறி நோயாளியைப் பார்க்க மாட்டினேன்.
காற்றுக் குமிழை நகத்தால் தட்டினேன், இன்னொரு தட்டு.
பிறகு சொட்டு.

மறுநாள் ஒரு படிவம் வந்தது.
மருந்து தொடங்கத் தாமதம்: ஏழு நிமிடம்.
காரணம்: ஒரு வரி மட்டும்.
'வடிகட்டி தேடியது' என்று எழுதினேன்.
நுரையீரலின் ஏதோ ஒரு சந்தில்
போய்ச் சேராமல் போன கண்ணாடித் தூளுக்கு
அந்தத் தாளில் கட்டம் கிடையாது.
சேராமலா, இல்லாமலா?
அதுவும் எனக்குத் தெரியாது.
கழற்றிய வட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தபோது
என்னவோ மினுங்கியது.
படிகமாக இருக்கலாம்.
மண்காற்றில் மங்கிய சூரியனாகவும் இருக்கலாம்.
மஞ்சள் பையில் போட்டேன்.

ஐந்தாம் நாள் ஓபுலேசு "நீள்ளு" என்றார்.
அறுவையாலா, மருந்தாலா,
அவர் மனைவி போனில் திட்டிய திட்டாலா,
பிழைத்தார்.
வடிகட்டி யாரையும் பிழைக்க வைத்ததில்லை.
வருவதில் கொஞ்சத்தை நிறுத்திவைக்கும், அவ்வளவுதான்.
பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன்.
"இன்னும்" என்றார், அது எந்த மொழியிலும் புரியும்.

ஷிப்ட் முடிந்து போகுமுன்
ஏசி ரிமோட்டில் இருபத்துநான்கு வைத்தேன்.
பட்டன்கள் மேல் மூன்று சுற்று பிளாஸ்திரி,
என் பெயர், பெர்சிஸ், தேதி, நேரம்.

காலையில் வந்து பார்த்தால்
யாரோ பிரித்திருக்கிறார்கள்.
பதினாறு.