சனிக்கிழமை வரிசை

விடிய ஆறு மணி.
இறக்கக்கண்டிப் புல்வெளியின் கிழக்கு முனையில்
கைக்கெட்டும் தூரம் விட்டுவிட்டு
பதினொரு பேர் நிற்கிறோம்.
பிளேன் இறங்கப்போகும் இடத்துக்கு
முன்னமே இறக்கம் என்று பேர் வைத்த யாரோ
சங்கத்துக்கு ஒரு சந்தாவும் கட்டாமல் போய்விட்டார்.

நிலம் பார்த்து நடை. எழுநூறு மீட்டர்.
ஆணி, சோடா மூடி, பட்டத்து நூல்,
நீல வளையலில் கால்வாசி,
மாட்டுமணியின் நாக்கு மட்டும்.
ஒரு கல் போதும், விசிறிக்குப் பல்லு போய்விடும்
என்கிறார் நிஸ்தார்.
எல்லாச் சனியும் என்கிறார்.

இதே நிலத்தில் இப்படி வரிசையாய்
முன்பும் ஆட்கள் நடந்தார்கள்,
முகத்தில் கண்ணாடித் தகடு மாட்டி,
ஓரடிக்கு ஒரு நாள் என்று.
அவர்கள் நட்டுவிட்டுப் போன சிவப்புத் தடிகளில் இரண்டு
காற்றுப்பைக் கம்பத்துக்கு முட்டுக்கொடுத்து நிற்கின்றன.
அதைப் பற்றி நாங்கள் கதைப்பதில்லை.
தடி நல்ல தடி.

காற்றுப்பை பர்ஸானா தைத்தது, குடைத்துணியில்.
கச்சான் கிழிக்கும், வாடை ஊறவைக்கும்,
அவள் திரும்பத் தைப்பாள்.
மூன்றாம் முறை ஓரத்தில் ஒரு பொத்தானும் வைத்தாள்.
எதுக்கு என்றோம்.
காற்றுக்குக் குளிர்ந்தால் பூட்டிக்கொள்ளட்டும் என்றாள்.

பிளேன் ஒருமுறை சுற்றினால் வணக்கம்.
இரண்டுமுறை சுற்றினால் மாடு.
லுக்மான் சைக்கிள் மணியடித்துக்கொண்டு பறப்பான்,
பாக்கியத்துரையின் பசுக்கள்
கூட்டம் முடிந்த உறுப்பினர்கள் மாதிரி
ஆறுதலாய் எழும்பிப் போகும்.

மாரி கழிந்தால் றோலர்.
ஈரம் கூடினால் புதையும், காய்ந்தால் நிலம் கேட்காது,
நடுவில் கிடைப்பது மூன்றே நாள்.
விக்கிரமபால குதிக்காலால் குத்திப் பார்த்து
இண்டைக்கு இல்லை என்பார்.
லொறிக்காரன் வாடகையைச் சொல்வான்.
குதிக்கால் மாறாது.

கொப்பி என்னிடம்.
டீசல். வெட்டுமெசின் பிளேடு இரண்டு.
எல்லை ரயர்களுக்கு அடிக்கச் சுண்ணாம்பு.
தேத்தண்ணிச் சீனி, அதுதான் வழக்கு:
பிளேன் வைத்திருப்பவர் மூன்று பேர்,
சீனி போடுபவர் பதினொரு பேர்,
பொதுக்கணக்கில் எழுதலாமா?
ஒன்றேகால் மணித்தியாலம்.
எழுதலாம், ஆனால் 'இதர' என்று.

ஒன்பது வருடம் எழுதினேன். ஏறினதில்லை.
கேட்டதுமில்லை; பெற்றோல் விலை எனக்குத் தெரியும்.
போன கிழமை கிருபைராசா கூப்பிட்டான்:
ஏறுங்கோ பொருளாளர்,
பின் சீற் சும்மாதான் போகுது.

பாலம் தெரியும், களப்புத் தெரியும்,
கடலுக்குள் புறாமலை தெரியும் என்றார்கள்.
தெரிந்தது. இல்லையென்று சொல்லவில்லை.
வயிறும் எங்கேயிருக்கிறது என்று தெரிந்தது.
திரும்பி வருகையில்
சாய்ந்த செட்டைக்குக் கீழே எங்கள் புல்,
விரித்துப் போட்ட கைலேஞ்சி அகலம்.
அதன் மேற்கு முனைக்குக் கிட்ட
மற்றதைவிடக் கடும்பச்சையாய் ஒரு வளைவு,
ஒன்பது வருடம் மிதித்தும்
காலுக்குப் பிடிபடாதது.
அடியில் தண்ணி நிக்குது.
வடிகால் எங்கேயோ அடைச்சிருக்கு.

எப்பிடி, எப்பிடி என்று ஓடிவந்தார்கள்.
மண்வெட்டி எங்கே என்றேன்.
பயந்துபோனாள் என்று சிரித்தார்கள்.
பிறகு பின்னால் வந்தார்கள்.

இரண்டரை அடியில் பழைய மண்குழாய்.
உடைத்தால், குழாயின் வடிவத்திலேயே
முறுக்கித் திரண்ட வேர்,
இழுக்க இழுக்க முடியாமல்
வேலிப்பக்கம் போகிறது.
கிளுவை.
மாடு வராதிருக்க நாங்களே நட்டது.
கொப்பியைப் புரட்டினேன்:
கதியால் அறுபது, ஏற்றுக்கூலி தனி,
ஒப்பம் என்னுடையது.

பதினொரு பேரும் குழியைச் சுற்றி நின்றோம்.
வெயில் ஏறிக்கொண்டிருந்தது.
நிஸ்தார்தான் கடைசியில் வாய் திறந்தார்:
ஒரு நாளும் தண்ணி ஊத்தேல்ல,
எவ்வளவு செழிப்பாய் நிக்குது என்று
நான் முந்தியே யோசிச்சனான்.