கறுத்த மணலின் முதல் ஏடு

கறையான் தின்றது போக
முதல் பக்கத்தில் மிச்சம் இவ்வளவுதான்:
"புல்மோட்டை. சாக்கு ஒன்று. ரூபா இரண்டு.
விற்றவர் உதுமாலெவ்வை. கைநாட்டு."

அந்தப் பெருவிரலுக்கு மை தொட்டுக் கொடுத்தவன் நான்.
இருபத்திரண்டு வயது.
கச்சேரியில் வேண்டாம் என்று
இங்கே தள்ளிவிட்ட கணக்கப்பிள்ளை.

ஓவசியர் காந்தத்தைக் கயிற்றில் கட்டி
கரையோரம் இழுத்துக்கொண்டு நடந்தார்,
நாயை உலாத்துகிற மாதிரி.
திரும்பி வரும்போது காந்தத்துக்குத்
தாடி முளைத்திருந்தது.

"மண்ணுக்குக் காசு தாறானுகள் மக்காள்!
நாளைக்குக் காத்துக்கும் தருவானுகள்!"
உதுமாலெவ்வை சிரித்த சிரிப்பில்
வலையில் குந்தியிருந்த காகங்கள் எழும்பின.
இரண்டு ரூபாவுக்கும் பேரீச்சம்பழம் வாங்கி
தெருவெல்லாம் பங்கிட்டான்.
நானும் தின்றேன், மூன்று.

பொன் என்ற கதை அதற்குப் பிறகு.
திருக்கோணமலைப் பட்டறைகளில் ஏறி இறங்கி
ஊர் திரும்பியபோது அது
கட்டிகட்டியாய்க் கனத்திருந்தது.
மரகதலிங்கப் பத்தர்
உரைகல்லும் திராவகமுமாய்
யான் ஓயாவைத் தோணியில் கடந்து வந்தார்.
மூன்று நாள் தட்டில் அலசினார்.
"பொன் இல்லை" என்றார்.
பஸ்ஸுக்குக் கடன் கேட்டார்.
போகும்போது ஒரு சிட்டிகையைக்
கடதாசியில் மடித்துக்கொண்டதைத்தான்
ஊர் பார்த்தது.

அந்த மாரி முழுக்க
கரையில் அரிக்கன் லாம்புகள்.
ஒரு குழிக்காகப் பேச்சை விட்ட மச்சான்மார் இருவர்
பேசாமலே மௌத்தானார்கள்.
கடல் ஒவ்வொரு விடியலிலும்
எல்லாக் குழியையும் ஒரேமாதிரி மூடிவைத்தது.

பிறகு கம்பிவேலி.
'ஆட்கள் குடியிராத கரை' என்று அறிக்கை.
தட்டெழுதியது இந்த விரல்கள்.
எழுதும்போது யன்னலுக்கு வெளியே
ஒரு பிள்ளை அழுதுகொண்டிருந்தது.

வாடைக்காற்று ஓய்ந்தால்
பெண்டுகள் ஈர்க்குமாறோடு வருவார்கள்.
நடுப்பகலில் கறுத்த மணல் கொதிக்கும்,
காலில் பழஞ்சாக்குத் துண்டு சுற்றிக்கொள்வார்கள்.
பாதிச் சாக்கிலேயே முதுகு வளைந்துவிடும்.
வாய் கட்டிய முழுச் சாக்குக்கு மட்டும்
துண்டு கொடுக்கச் சொன்னது கொம்பனி.
அப்படியே கொடுத்தேன்.
பாதிச் சாக்குகளுக்கு ஏட்டில் பத்தி இல்லை.

ஐந்தாறு வருஷம் கழித்து
உதுமாலெவ்வை ஒரு தோணி வாங்கினான்.
பட்டணத்து இரும்புக்கடையில்
வெள்ளைப் பெயின்ற் ஒரு டின், ரூபா பதினொன்று,
பெயர் எழுதத் தெரிந்தவன் நான்.

அதற்குள் எனக்குத் தெரியும்,
கப்பல் கடதாசியில் வாசித்திருந்தேன்,
எங்கள் கறுப்பு அக்கரையில்
என்னவாக மாறுகிறதென்று.

மகளின் பெயரைச் சொன்னான். சுலைஹா.
டின்னுக்குள் விரலை விட்டு
வெயிலில் பிடித்துப் பார்த்தான்.
பால் மாதிரிக் கிடக்கே,
என்னத்துல செய்றானுகள் இதை?

தெரியாது என்றேன்.
கடைசி எழுத்துக்குக் கால் இழுத்தேன்.
கொஞ்சம் கோணிப் போயிற்று.