அரை விரற்கடை கிழக்கே

மளிகைக் கடைப் பையைக் கிழித்து மேசையில் விரித்தேன்.
அதன் முதுகில் மெக்சிகோ வளைகுடா,
ஓரத்தில் கோழித்தொடையின் விலை.

மூன்று மணிக்கொரு தரம் வானொலி இரண்டு எண் சொல்லும்.
பென்சிலை நாக்கில் தொட்டு ஒரு புள்ளி வைப்பேன்.
நேற்று முழுக்கப் புள்ளிகள் ஒட்டி ஒட்டிக் கிடந்தன,
கர்ப்பிணி நடைபோல.
இன்று எட்டிப் போடுகிறது.

வெளியே தியோஜென் பலகை அறைகிறான்.
போன புயலுக்கு எழுதியது அப்படியே இருக்கிறது:
சமையலறை இடது. குளியலறை, தலைகீழ்.
பாப்பா அறை என்ற பலகையை மட்டும்
எழுத்து உட்பக்கம் போகத் திருப்பி அடித்தான்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.

இறால் படகுகள் விடியலிலேயே ஓடையேறிவிட்டன.
உறைபெட்டியில் ஒரு குவளை பனிக்கட்டி,
மேலே இருபத்தைந்து சென்ட் நாணயம்.
திரும்பும்போது காசு அடியில் கிடந்தால்
மீனைத் தொடக்கூடாது.
திரும்பும்போது என்றுதான் இங்கே எல்லோரும் சொல்வோம்.

நண்பகல் எண் விலகிவிட்டது:
அரை விரற்கடை கிழக்கே.
ஆண்டவரே என்று மூச்சு விட்டேன்,
விட்ட பிறகுதான் பென்சில் முனைக்கடியில்
லீவில் என்ற எழுத்தைப் பார்த்தேன்.
ஓரேலி இருக்கும் ஊர்.
அண்ணன்காரன் அப்போது ஏணியில் நின்றான்,
வாயில் நான்கு ஆணி.

சொன்னேன்.
இறங்கினான், ஆணிகளை உள்ளங்கையில் துப்பினான்,
இன்னும் அடிக்காத மூன்று பலகையை
வண்டியில் ஏற்றினான்.

அவள் வீட்டு ஜன்னல் அளவு வேறு.
ரம்பத்தையும் எடுத்து வைத்தேன்.