இடது கட்டைவிரல்

ஸ்டாவங்கரில் மழை பக்கவாட்டில்தான் பெய்யும்.
அதற்கு ஒதுங்கித்தான் உள்ளே போனேன்,
சால்மன் ஆலையில் இரவு ஷிப்ட் முடித்து,
கையை மூன்று முறை கழுவிவிட்டு.

கூடத்தின் நடுவில் அந்த அச்சு இயந்திரம்,
வார்ப்பிரும்பு விலாவில் 1889.
அருகே மேசையில் வெண்ணெய் நிறத்தில் ஒரு கல்,
இரண்டு ஆள் கனம்.
டோருன் கொழுப்புக் கரிக்கோலால்
மத்தி டப்பாச் சீட்டுக்கு ஒரு படகு வரைந்தாள்.
ஊர்ப்பெயரை வலமிருந்து இடமாக,
தயங்காமல், கையெழுத்துப் போடுவதுபோல் எழுதினாள்.

"தொடாதீர்கள். இதற்கு ஓயாத பசி.
எண்ணெய் எங்கிருந்து வந்தாலும் தின்னும்."
சுவரிலும் எழுதித் தொங்கியது.
பிசின் குடுவையை எடுக்க அவள் திரும்பினாள்.

தொட்டேன்.
பூனையின் காதுபோல் குளிர்ந்திருந்தது.
விரலை எடுத்தால் ஒன்றுமில்லை, வெறும் கல்.

பிசினில் அமிலம் சொட்டிக் கலந்து பூசினாள்.
ஆறட்டும் என்று எல்லோருக்கும் காபி.
கப்பல் கயிறு விற்கும் எய்விண்ட்
கல் என்ன விலை என்று கேட்டார்.
"விற்பதற்கில்லை. ஒரு காலத்தில் கடலடி."
"அப்படியென்றால் உள்ளே மீன் இருக்குமா?"
ஐந்து வயதுக்காரி ஒருத்தி.
"சில கல்லில்" என்றாள் டோருன்.

பிறகு டர்பென்டைன் துணியால் ஒரே துடைப்பு.
படகு போயிற்று.
சிறுமி அம்மாவின் கோட்டைப் பிடித்துக்கொண்டாள்.
ஈரப் பஞ்சு. மை உருளை. மறுபடி பஞ்சு.
தண்ணீர் நின்ற இடத்தில் மை நிற்க மறுத்தது.
எங்கிருந்தோ பாய்மரம் வந்தது,
படகு வந்தது, பெயர் வந்தது,
பெயருக்கு மேலே, வானத்தில்,
முட்டை வடிவில் ஒரு சுழி.

டோருன் குனிந்து பார்த்தாள்.
நிமிர்ந்து எங்கள் கைகளைப் பார்த்தாள்.
அப்பன் குதிருக்குள் இல்லை என்று
யாரும் கேட்காமலே
என் இடது கை சட்டைப்பைக்குள் போயிற்று.

சுரண்டுகத்தியை எடுத்தாள்.
கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.
"நல்ல ரேகை" என்று கத்தியைக் கீழே வைத்தாள்.

கல்லை மேடைக்கு ஏற்றினார்கள்.
காகிதம், அதன்மேல் அட்டை, கொழுப்பு தடவிய தகடு.
எய்விண்ட் ஆரக்கால்களை மிதித்து இழுக்க
இரும்பு முனகியது.
காகிதத்தை மூலையிலிருந்து உரித்தாள்.
பெயர் நேராகியிருந்தது.
கல்லில் திரும்பிய என் விரலும்
மீண்டும் ஒருமுறை திரும்பி,
என்னிடம் இருப்பதைப் போலவே இருந்தது,
மார்ச்சில் கத்தி பட்ட தழும்பு உட்பட.
"சூரியன்" என்றாள் சிறுமி.
யாரும் மறுக்கவில்லை.
எண்பது குரோனர். இரண்டு வாங்கினேன்,
வலது கையால் காசு கொடுத்து.

திங்கட்கிழமை ஆலை வாசலில்
வருகைப் பதிவுக் கண்ணாடியில் விரலை வைத்தேன்.
மீண்டும் முயலவும்.
சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து வைத்தேன்.
மீண்டும் முயலவும்.
பின்னால் வரிசை நீண்டது.
"மூக்கில் தேய்த்து வை, மடையா" என்றாள்
லிதுவேனியாக்காரி வைத்வா.
மூக்கோரம் தேய்த்து வைத்தேன்.
பச்சை விளக்கு எரிந்தது.